என் பெயரில் ஓடிய டீம்

கிண்ணியாவில் ஒரு கல்யாண வீட்டில்தான், எனக்கென்று ஓர் உதைபந்தாட்ட டீம் இருப்பது எனக்குத் தெரியவந்தது.

சாப்பாடு முடிந்து பெண்கள் பக்கம் தேத்தண்ணி வந்துகொண்டிருந்தது. ஆண்கள் பக்கத்தை மறைத்திருந்த சீலையை விலக்கிக்கொண்டு என் தம்பி தலையை நீட்டினான். தலை முழுக்க நரைத்துவிட்டது. குரல் மட்டும் இன்னும் குறையவில்லை.

“ராத்தா! மூணாமிடம் எடுத்துட்டு ஒண்டும் தெரியாத மாதிரி இரிக்கிறீங்க. எங்களையெல்லாம் போட்டு மிதிச்சிட்டீங்களே!”

“எதுல மூணாமிடம்?”

“புட்போல்லதான். உங்கட டீம். போன வருஷம் எனக்கு ஆறாமிடம்.”

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பகிடி விடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவன் முகத்தில் பகிடி இல்லை. தோற்றவனுடைய எரிச்சல் இருந்தது. பகிடிக்கு யாரும் தனக்கு ஆறாமிடம் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

திருகோணமலைக்குத் திரும்பும்போது த்ரீவீலரில் இளைய மகனிடம் கேட்டேன். அவனும் அவன் மனைவியும் எங்களோடுதான், துறைமுகத்துக்கு இறங்கும் ஒழுங்கையில் உள்ள எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். கிண்ணியாப் பாலத்தில் காற்று இரைந்ததால் அவன் கத்திக் கதைக்க வேண்டியிருந்தது.

“அது ஒண்டுமில்ல உம்மா. போன்ல ஒரு விளையாட்டு. இங்கிலாந்துல உண்மையா விளையாடுற ஆக்கள்ல ஆளுக்குப் பதினஞ்சு பேரைப் பிடிச்சுக்கொள்ளணும். நான் பிடிச்ச ஆளை மத்தவங்க பிடிக்க ஏலாது. அவன் அங்க கோல் அடிச்சா இங்க எனக்குப் பொயின்ட். அவ்வளவுதான்.”

“அதுக்குள்ள நான் எப்பிடி வந்த?”

“எட்டுப் பேர் வேணும். நாங்க ஏழு பேர். நானாதான் சொன்ன, உம்மாட பேரைப் போடு, மெசின் தானா ஆளெடுத்துக்கொள்ளும், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க எண்டு.”

நானா என்று அவன் சொன்னது கட்டாரில் இருக்கும் என் மூத்த மகனை.

“என்ட பேர்தானே,” என்றேன். “நான் கேக்கிறன்.”

அந்த டீமுக்கு அவர்கள் வைத்திருந்த பெயரையும் அன்றைக்கே கேட்டு அறிந்துகொண்டேன். ‘உம்மாட குசினி’.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று பிறகு பலர் கேட்டார்கள். இது முதல் தடவை இல்லை, அதுதான். எங்கள் வீட்டில் ‘உம்மா சொன்ன’ என்று ஒரு கதை இருக்கிறது. ஒருவருக்குக் கல்யாண வீட்டுக்குப் போக விருப்பமில்லை என்றால், உம்மா வேண்டாமென்று சொன்ன. பழைய அலுமாரியை விற்க வேண்டுமென்றால், உம்மா விற்கச் சொன்ன. நான் அந்த நேரம் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருப்பேன், எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. என் பெயர் என்னை விட்டுவிட்டு ஊரெல்லாம் போய் வேலை பார்த்துவிட்டு வரும். அதையெல்லாம் பொறுத்துப் போனேன். ஆனால் மூன்றாம் இடம் வரைக்கும் போயிருக்கிறது. அந்த வெற்றியில் எனக்கு ஒரு வாய் தேத்தண்ணிகூட இல்லை. அது பொறுக்கவில்லை.

அடுத்த நாள் மூத்தவன் போன் எடுத்தபோது சொன்னேன்.

“என்ட டீமுக்கு இனி நான்தான் ஆளெடுக்கிற.”

சிரித்தான். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டுகொண்டான்.

“இந்த வருஷத்துக்கு ஆளெடுத்து முடிஞ்சு உம்மா. மெசின் எடுத்திரிக்கு. அடுத்த வருஷம் பாப்பம்.”

“பாப்பம் இல்ல. அடுத்த வருஷம் நான்.”

“சரி, சரி. நான் ஒரு லிஸ்ட் அனுப்புறன். யாரை முதல் எடுக்கணும், யாரை ரெண்டாவது எடுக்கணும் எண்டு பெரிய பெரிய ஆக்கள் கணக்குப் பாத்துப் போட்ட வரிசை. அதைப் பாத்து மேல இருந்து கீழ எடுத்துக்கொண்டு வந்தாச் சரி.”

“அந்தப் பெரிய ஆக்களுக்கு என்னைத் தெரியுமா?”

“உங்களை எப்பிடி உம்மா தெரியும்?”

“அப்ப அவங்கட வரிசைக்கு என்ட பேரை ஏன் போடணும்? அது மெசினுக்குப் பதிலா இன்னொரு மெசின். வரிசை என்டதா இரிக்கணும்.”

“உம்மா, உங்களுக்கு அவங்கட பேர்கூட வாசிக்க ஏலாதே,” என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருந்தாலும் சொன்னான்.

உண்மைதான். நான் பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரைக்கும். தமிழ் எழுத்தை இன்றைக்கும் கூட்டிக் கூட்டித்தான் வாசிக்கிறேன், இதை எழுதுவதும் அப்படித்தான். இங்கிலீஷ் எழுத்து எனக்குப் பூவேலை மாதிரி, அழகாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் இலக்கம் அப்படியில்லை. என் கழுத்தில் அளவு நாடா கிடந்த காலம், என் பிள்ளைகளின் வயதைவிடக் கூட.

அது மட்டுமில்லை. டவுனிலும் கிண்ணியாவிலும் இருந்த உதைபந்தாட்டக் கழகங்களின் சட்டைகளுக்கு முதுகில் இலக்கம் தைத்துக் கொடுத்தவள் நான். வெள்ளைத் துணியில் இலக்கத்தை வெட்டி, சட்டையின் முதுகில் வைத்து, ஓரத்தை மடித்துச் சுற்றித் தைக்க வேண்டும். எட்டுத்தான் கரைச்சல் பிடித்தது, இரண்டு ஓட்டையும் சுருங்காமல் வரவேண்டும். ஆட்டம் முடிந்த அடுத்த நாள் சட்டைகள் திருத்தத்துக்கு வரும். கையில் எடுத்தாலே, அதைப் போட்டவன் மைதானத்தில் என்ன செய்தான் என்று தெரிந்துவிடும். தோள் தையல் பிரிந்திருந்தால், அவனைப் பிடித்து நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள். விலாப்பக்கம் மண்ணும் புல்லுமாக இருந்தால், விழுந்து பந்தை எடுத்திருக்கிறான். ஒன்பதாம் இலக்கம் மட்டும் பெரும்பாலும் பெட்டிக்குள் இருந்து எடுத்த மாதிரி வரும். ஊரில் பாராட்டெல்லாம் அவனுக்குத்தான். என் கணவரே அந்தக் காலத்தில் ஒன்பதாம் இலக்கம்தான். தெரியாமல் நான் சொல்லவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லி வைக்கிறேன். எங்கள் கழகங்களுக்கு ஒரு செட் சட்டைதான். அதற்கே வீடு வீடாகப் போய்க் காசு சேர்ப்பார்கள். எதிர்க் கழகமும் அதே நிறத்தில் வந்துவிட்டால், ஒரு பக்கத்து ஆட்கள் சட்டையை உள்ளே வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு விளையாடுவார்கள். நான் தைத்த இலக்கமெல்லாம் நெஞ்சோடு போய், இல்லை, முதுகோடு ஒட்டிக்கொண்டு, நூல் ஓட்டம் மட்டும் வெளியே தெரியும். ஒரு கழகத்துக்கு ஒரு நிறம். எனக்குத் தெரிந்த உலகம் அது.

அந்த வருடம் முழுக்க, சனியும் ஞாயிறும் மஃரிப் தொழுதுவிட்டு டீவிக்கு முன்னால் என் கதிரையைப் போட்டுக்கொண்டேன். மகனும் அவன் வாப்பாவும் பந்தைப் பார்ப்பார்கள். நான் முதுகுகளைப் பார்த்தேன்.

பின் விறாந்தையில் உடுப்புக் காயப்போடும் கயிறு இரண்டு இருந்தன. ஒன்றை எனக்கென்று பிடித்துக்கொண்டேன். தைத்து மிஞ்சிய வெட்டுத்துணி ஒரு சாக்கு நிறையக் கிடந்தது. ஓர் ஆட்டக்காரனுக்கு ஒரு துண்டு: அவன் சட்டை எந்த நிறமோ அந்த நிறத்தில் துணி, அதன்மேல் சோக்கால் அவனுடைய இலக்கம். வரி போட்ட சட்டை என்றால் இரண்டு நிறத்தைச் சேர்த்து ஓட்டிவிடுவேன். கிளிப்பைக் குத்தித் தொங்கவிட்டால் அவன் என் வரிசைக்குள் வந்துவிட்டான். குசினி வாசல் பக்கம் முதலாமவன், கிணற்றுப் பக்கம் கடைசியானவன். ஒருவன் நன்றாக ஆடினால் கிளிப்பைக் கழற்றி அவனைக் குசினிப் பக்கம் ஏற்றுவேன். மோசம் என்றால் கிணற்றுப் பக்கம் போவான்.

எதை வைத்து ஏற்றினேன், இறக்கினேன் என்று கேட்டால், பந்து பறிபோன பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதை வைத்து. திரும்பி ஓடுகிறானா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறானா. முதல் பாதி முடிந்து போகும்போது முதுகு நனைந்திருக்கிறதா. விழுந்தவன் எழும்புவதற்கு முன்னால் யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கிறானா. இவ்வளவுதான். இதற்கு இங்கிலீஷ் தேவையில்லை.

அந்தக் கயிற்றைத் தொட மருமகளுக்கு மட்டும்தான் அனுமதி. மழை வந்தால் அவள்தான் ஓடிப்போய்க் கயிற்றோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு உள்ளே வருவாள், ஒரு துண்டுகூட இடம் மாறாமல். ஒரு நாள் துண்டுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“மாமி, மொத்தமே இருபது டீம்தான் எண்டு இவர் சொல்றார். இதுல அதைவிட நிறம் கூட மாதிரி இரிக்கே?”

“அவர் பந்தைப் பாக்கிறவர்,” என்றேன். “சட்டையை எங்க பாத்த?”

அவள் சிரித்துக்கொண்டு போய்விட்டாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

முதலாம் இடத்தில் வெள்ளைச் சட்டை ஆறாம் இலக்கம் தொங்கியது. பின்னால் நிற்கிறவன். ஒரு ஆட்டத்திலும் அவன் முதுகு சுத்தமாக இருந்து நான் பார்க்கவில்லை. என் கணவர் கயிற்றடியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று ஒருநாள் அதைப் பார்த்தார்.

“இவனை முதலாவதா வெச்சு என்ன செய்யப் போறாய்? இவனுக்குப் பொயின்ட் வராது. கோல் அடிக்கிறவனுக்குத்தான் பொயின்ட்.”

“கோல் அடிக்கிறவனுக்குப் பந்தைக் குடுக்கிறவனுக்கு?”

“அவனுக்கும் உண்டு. கொஞ்சம் குறைய.”

“அவனுக்குப் பந்தைக் குடுக்கிறவனுக்கு?”

“இல்ல.”

“அந்தப் பந்தை எதிராளிட காலுக்குள்ள விழுந்து எடுத்தவனுக்கு?”

அவர் தேத்தண்ணியைக் குடித்தார். “விதி அப்பிடி. அதை நம்மளால மாத்த ஏலுமா?”

“விதியை மாத்தச் சொல்லல்ல. என்ட கயித்தை விடுங்க எண்டுதான் சொல்றன்.”

ஆகவே நான் தெரியாமல் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ஆறாம் இலக்கத்துக்குப் பொயின்ட் வராது என்று தெரிந்துதான் அவனைக் குசினி வாசலில் தொங்கவிட்டேன்.

ஆளெடுக்கும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கட்டாரிலும் லீவு, இங்கேயும் ஜும்ஆ முடிந்திருந்தது. கச்சான் காற்று வெளியே புழுதியை அள்ளிக்கொண்டிருந்ததால் கயிற்றை உள்ளே கொண்டுவந்து, ஜன்னல் கம்பியிலிருந்து அலுமாரிக் கைபிடி வரைக்கும் கட்டினோம். யார் யார் கழகம் மாறிப் போய்விட்டார்கள் என்று இளையவன் முதல் நாளே கேட்டு, நிறத்தையும் இலக்கத்தையும் சொன்னான். அவர்களை நானே கழற்றி எடுத்துவிட்டேன். மருமகள் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தாள். சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் எல்லார் முகமும் இருந்தது. மூத்தவன் கட்டாரிலிருந்து, தம்பி கிண்ணியாவிலிருந்து. ஒருவர் ஒருவராக ஆளெடுக்க வேண்டும். ஒன்றரை நிமிடத்துக்குள் சொல்லாவிட்டால் மெசின் தன் வரிசையில் மேலே இருக்கிறவனை எடுத்துக் கொடுத்துவிடும். அந்த ஒன்றரை நிமிடம்தான் எனக்கும் அதற்கும் நடுவில்.

நான் நிறத்தையும் இலக்கத்தையும் சொல்ல, இளையவன் ஆள் யாரென்று கண்டுபிடிக்க, மருமகள் போனில் அந்தப் பெயரை அமத்துவது என்று ஏற்பாடு. என் முறை மூன்றாவதாக வந்தது.

“வெள்ளை, ஆறு.”

போனுக்குள் ஒரு சத்தம். மூத்தவன் தலையில் கை வைத்தான்.

“உம்மா! முதல் சுத்துலயே பின்னுக்கு விளையாடுறவனையா? கோல் அடிக்கிற பெரிய ஆள் ஒருத்தன் இன்னும் நிக்கிறான் உம்மா!”

“ஓம். அவன் நிக்கிறதைத்தான் வருஷம் முழுக்கப் பாத்த நான். அமத்து மகள்.”

மருமகள் அமத்தினாள்.

அடுத்த முறை, “சிவப்பு, கை வெள்ளை, பதினெட்டு,” என்றேன். இந்த முறை யாரும் சத்தம் போடவில்லை. “நல்ல ஆள்தான்,” என்றுகூட இளையவன் சொன்னான். எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது என்பதை ஒளிக்கத் தேவையில்லை. அதன் பிறகு இரண்டு மூன்று பேர் ஒழுங்காகவே போனார்கள். மற்றவர்கள் என் வரிசையில் இருந்தவர்களை எடுக்கும்போது நான் துண்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டேன்.

பிறகு கயிற்றில் அடுத்ததாகத் தொங்கியது பச்சை.

“பச்சை, பதினெட்டு.”

இளையவன் போனைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான்.

“பச்சையில எந்த டீமும் இல்லையே உம்மா?”

“இரிக்கு. தலைமயிருக்கு மஞ்சள் அடிச்சவன்.”

மூத்தவனுக்குத்தான் முதலில் விளங்கியது. அவன் கட்டத்துக்குள் முகம் கோணிக்கொண்டு வந்தது; சிரிப்பை அடக்கப் பார்த்து அவனால் முடியவில்லை.

“உம்மா... அது அந்தச் சிவப்புப் பதினெட்டுத்தான். வெளியூருக்குப் போய் விளையாடக்குள்ள அவங்க பச்சை போடுவாங்க. ஒவ்வொரு டீமுக்கும் ரெண்டு மூணு சட்டை இரிக்கு. அவன் இடையில தலைக்கு மை அடிச்ச. ரெண்டும் ஒரே ஆள்!”

அதற்குப் பிறகு எல்லாக் கட்டமும் சிரித்தது. தம்பியின் குரல்தான் மேலே கேட்டது.

“ராத்தா ஒரே மாப்பிள்ளைக்கு ரெண்டு தரம் நிக்காஹ் செய்யப் பாக்கிறா!”

“உனக்கு ஒரு தரம் செஞ்சதே போதும் எண்டு உன்ட பொண்டாட்டி சொல்றா,” என்றேன். ஆனால் என் காது சுட்டது. ஒரு கழகத்துக்கு இரண்டு மூன்று செட் சட்டை! உள்ளே வெளியாகத் திருப்பிப் போடுகிற வேலை அங்கே இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

“முப்பது செக்கன்தான் இரிக்கு,” என்றான் இளையவன். மனைவியிடம் மெதுவாக, “மெசின்ட வரிசையில மேல நல்ல ஒருத்தன் இரிக்கான். அவனை அமத்திவிடு,” என்றான்.

மருமகளின் விரல் போனை நோக்கிப் போனது. நான் அதற்கு முன்னால் போன் முகத்தின் மேல் என் கையை வைத்து மூடினேன்.

“ஒருத்தரும் அமத்தப்படாது.”

“உம்மா, நேரம் போகுது!”

“என்ட நேரம்தானே போகுது.”

பச்சைத் துண்டைக் கழற்றவில்லை. அதைத் தாண்டி அடுத்த துண்டைப் பிடித்தேன். “மஞ்சள், நாலு.” கையை எடுத்தேன். மருமகள் அமத்தினாள். நேரம் முடிவதற்குள் அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எல்லாம் முடிந்து போனை வைத்த பிறகு, என் கணவர் அந்தப் பச்சைத் துண்டைத் தொட்டுப் பார்த்தார். “நம்மட காலத்துல ஒரு சட்டைதானே,” என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு ஆறுதல் தேவைப்படவில்லை. நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். சிவப்பில் அவன் திரும்பி ஓடுகிறவன், அதனால்தான் மேலே ஏற்றினேன். பச்சையில் அவன் கை காட்டிக் கத்துகிறவன், அதனால் கொஞ்சம் கீழே இறக்கினேன். இரண்டு பேர் என்று நினைத்தது பிழை. ஆனால் பார்த்தது பிழையில்லை. ஒரு மனிதன் தன் ஊரில் ஒருமாதிரியும் வெளியூரில் ஒருமாதிரியும் இருப்பதில் என்ன புதினம்? என் பிள்ளைகளையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் துண்டு அங்கேயே தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆட்டங்கள் தொடங்கின. நான் தோற்றேன். இதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. என் வெள்ளை ஆறு ஓர் ஆட்டமும் தவறாமல் மண்ணில் விழுந்து எழும்பினான். அவனுக்கு வந்த பொயின்ட், கை விரலை மடக்கி எண்ணுகிற அளவுதான். தம்பி போன் எடுத்து, “ராத்தா, உங்கட ஆள் இண்டைக்கும் நல்லாத் தோட்டம் கொத்தினான்,” என்பான். நான், “உன்ட ஆள் இண்டைக்கும் நல்லா நிண்டு காத்து வாங்கினான்,” என்பேன். அவனுடைய ஆள் காற்று வாங்கிக்கொண்டே இரண்டு கோல் அடித்திருப்பான். அது வேறு கதை.

பிடிவாதத்துக்காக ஆட்களை வைத்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது. சும்மா விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு உருண்ட ஒருவனை நானே கழற்றி எறிந்தேன். அவன் பொயின்ட் கொண்டுவந்துகொண்டிருந்தவன். “அவனை விடாதீங்க உம்மா,” என்று இளையவன் கெஞ்சினான். “அவனை என்ட பேருக்குக் கீழ வெச்சிரிக்க ஏலாது,” என்றேன். அப்படியே வருடம் முடிந்தது. எட்டுப் பேரில் எட்டாமிடம்.

அந்த முறை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூத்தவன் லீவில் வந்திருந்தான். இவர்களுடைய விளையாட்டில் ஒரு விதி இருக்கிறது: கடைசியாக வந்தவர் எல்லாருக்கும் பெருநாள் சாப்பாடு சமைக்க வேண்டும். பெருநாளுக்கு முதல் நாள் பின்னேரம், தம்பியும் கிண்ணியாவிலிருந்து வந்து விறாந்தையில் இருந்தான்.

“ராத்தா, விதி எண்டா விதி. இந்த முறை சமையல் உங்கட தலையில.”

“போன முறை கடைசி யாரு?” என்று கேட்டேன்.

இளையவன் சொன்னான், “மாமாதான். ஆறுல இருந்து எட்டுக்கு இறங்கிட்டார்.”

“சமைச்சது யாரு?”

இளையவன் குசினி வாசலைப் பார்த்தான்.

“அதுக்கு முதல் வருஷம் கடைசி யாரு?”

“நான்,” என்றான் இளையவன்.

“அதுக்கும் சமைச்சது நான். உங்கட தோல்விக்கெல்லாம் நான்தான் அடுப்படியில நிண்ட. இது என்ட தோல்வி. இதுக்கும் நான்தான் சமைப்பன். நாளைக்குக் குசினிப் பக்கம் ஒருத்தரும் வரப்படாது.”

மூத்தவன் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டான். நல்ல பிள்ளை. குரலைத் தணித்துத்தான் சொன்னான்.

“உம்மா, கோவிக்காதீங்க. இந்த வருஷம் முடிஞ்சு போச்சு. அடுத்த வருஷம் திரும்ப மெசினுக்கே விட்டுடுவம். உங்கட பேர் அப்பிடியே இரிக்கும். மெசின் எடுக்கக்குள்ள மூணாமிடம் வந்த டீம், இப்ப கடைசிக்குப் போயிட்டே. ஆக்கள் சிரிக்கிறாங்க. உங்கட பேருக்குத்தான் நல்லதில்ல.”

நான் எழும்பிக் குசினிக்குள் போனேன். வெங்காயம் உரிக்க இருந்தது.

பெருநாள் அன்று தொழுகை முடிந்து எல்லாரும் வந்தார்கள். நெய்ச்சோறு, இறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல். சமையலில் நான் எதையும் குறைக்கவில்லை. பாய் விரித்து, சஹனைச் சுற்றி அவர்கள் இருந்துகொண்டார்கள். அந்தப் பெரிய தட்டில் சோற்றைக் குவித்து நானே கொண்டுவந்து நடுவில் வைத்தேன். கறிச் சட்டியை மட்டும் மூடியோடு என் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதிரையில் அமர்ந்தேன்.

“மகன்,” என்று மூத்தவனைக் கூப்பிட்டேன். “போனை எடு.”

“சாப்பிட்டுட்டுப் பாப்பம் உம்மா.”

“இப்ப.”

தம்பி சஹனில் வைக்கப்போன கையை எடுத்துக்கொண்டான்.

“மெசின் எடுத்த மூணாமிடம் என்டது இல்ல,” என்றேன். “அதை நீங்க ஆருக்கும் குடுங்க. இந்தக் கடைசியிடம் என்டது. வெள்ளை ஆறை நான்தான் எடுத்த. பச்சையையும் சிவப்பையும் ரெண்டு ஆள் எண்டு நினைச்சதும் நான்தான். இன்னொரு வருஷம் கடைசியா வந்தாலும் நான் எடுத்துத்தான் வருவன். ஆக்கள் சிரிச்சா என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். மெசினைப் பாத்துக் கைதட்டத் தேவையில்ல. மெசின் எடுக்கிறதை நிப்பாட்டு. அந்தக் குசினி எண்ட பேரையும் எடுத்துட்டு, என்ட பேரைப் போடு. வெறும் பேர்.”

“வருஷத்துக்கு நடுவுல மாத்த ஏலாது உம்மா.”

“வருஷம் முடிஞ்சு போச்சு எண்டு நேத்து நீதான் சொன்ன.”

கறியின் ஆவி மூடியின் ஓரத்தால் வந்துகொண்டிருந்தது. என் கணவர் சஹனின் அந்தப் பக்கத்தில் இருந்து, “போடன் மகன், சோறு ஆறுது,” என்றார். ஒன்பதாம் இலக்கம் வாழ்க்கையில் ஒரு தடவை பின்னால் ஓடி வந்து உதவி செய்தது என்று எனக்குத் தோன்றியது.

மூத்தவன் போனைத் தட்டினான். கொஞ்ச நேரம் எடுத்தது. அல்லது எடுத்த மாதிரிக் காட்டினான். எனக்கு அந்த எழுத்து வாசிக்க வராது என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். போனை வாங்கி மருமகளிடம் கொடுத்தேன்.

அவள் பார்த்தாள். “மாறிட்டு மாமி. உங்கட பேர்தான் இரிக்கு.” பிறகு இன்னும் ஒருதரம் அமத்திப் பார்த்துவிட்டு, “மெசினும் நிப்பாட்டித்தான் இரிக்கு,” என்றாள்.

கறிச் சட்டியின் மூடியைத் திறந்தேன்.

“நல்ல தோல்வி ராத்தா,” என்றான் தம்பி வாய் நிறையச் சோற்றோடு. “இறைச்சி பஞ்சு மாதிரி அவிஞ்சிரிக்கு.”

இப்போது மறுபடி கச்சான் வீசுகிறது. கயிறு கட்டியாகிவிட்டது. போன வருடத்துத் துண்டுகளில் பாதியைக் கழுவிச் சோக்கை எடுத்துவிட்டு, புது இலக்கம் போட்டிருக்கிறேன். மூத்தவன் கட்டாரிலிருந்து பெரிய ஆட்களின் புது வரிசையை மருமகளின் போனுக்கு அனுப்பியிருக்கிறான், நான் கேட்காமலே. ஒரு கழகம் என்னென்ன சட்டை போடும் என்பதை மட்டும் அவளைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். மற்றதைக் கேட்கவில்லை. குசினி வாசலில் வெள்ளை ஆறுதான் முதலாவது. அதற்குப் பக்கத்தில் பதினெட்டாம் இலக்கம். சிவப்பையும் பச்சையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒரே கிளிப்பால் குத்தியிருக்கிறேன், சிவப்பு மேலே.